லொக்குவுக்கு இரண்டு வழி

இனிமேல் வீட்டில் இருமுவதில்லை என்று பரசுராமன் முடிவெடுத்தான்.

சிலர் பீடியை விடுவார்கள். சிலர் சீட்டாட்டத்தை விடுவார்கள். பரசுராமன் இருமலை விட்டான். விட்டான் என்றால், வெளியே விடவில்லை. அவ்வளவுதான்.

எர்ணாவூரில் அவன் குடியிருந்த பிளாக்குக்கு எதிரேதான் ரோடு. துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் அதில் பகலெல்லாம் வரிசை கட்டி நிற்கும். நிற்கிற லாரி சும்மா நிற்காது. முன்னால் நிற்கிற லாரியைப் பார்த்து ஆரன் அடிக்கும். முன்னால் நிற்பது அதற்கு முன்னால் நிற்பதைப் பார்த்து அடிக்கும். பிளாக்கே சபிக்கிற அந்தச் சத்தத்தை மனசார வாழ்த்திய ஒரே ஆள் பரசுராமன். தொண்டையில் அரிப்பு கிளம்பும். மூச்சைப் பிடிப்பான். முகம் தக்காளி ஆகும். கண்ணில் தண்ணீர் கட்டும். 'பாம்' என்று ஆரன் விழுந்ததும் அதோடு தன் இருமலையும் ஏற்றி அனுப்பிவிட்டு, ஒன்றுமே நடக்காதவன் மாதிரி பேப்பரைத் திருப்புவான்.

லாரி இல்லாத நேரத்துக்குக் குக்கர் விசில். குக்கரும் இல்லையென்றால் பக்கத்து வீட்டு அடைக்கலமேரியின் மிக்சி. அந்தம்மா சட்னி அரைக்கிற நேரம் அவனுக்கு அத்துப்படி. ஒரு வெள்ளிக்கிழமை அவர் உபவாசம் இருந்துவிட்டார். பரசுராமன் செத்துப் பிழைத்தான்.

இத்தனை பாடும் பெண்டாட்டி செங்கொடிக்குப் பயந்து. செங்கொடி திருவொற்றியூரில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். நாள் முழுக்க இருமுகிறவர்களின் நடுவே நிற்கிறவள். சிரப் இருமல், மாத்திரை இருமல், வேலைக்கு மட்டம் போடுகிற இருமல் என்று கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்வாள். புருஷனின் இருமல் மட்டும் எந்தப் பிரிவிலும் சேரவில்லை.

"இது வேற மாதிரி கீதுய்யா. நெஞ்சுல எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணும்."

"தூசிடி. யார்டுல எவ்ளோ தூசி."

"தூசின்னு எக்ஸ்ரே சொல்லட்டும்."

"எக்ஸ்ரே எடுத்தா எதுனா இருக்கும்."

"எடுக்கலன்னா?"

"எடுக்கலன்னா ஒண்ணும் இல்ல. எடுத்தவன் எவனாவது நல்லா கீறானா சொல்லு. எங்க மேஸ்திரி எடுத்தாரு. இப்ப பை நெறைய மாத்திரைய தூக்கிகினு சுத்தறாரு. அதுக்கு மின்னாடி குதிர மாதிரி இருந்தாரு."

"குதிர மாதிரி இருமிகினு இருந்தாரு."

பரசுராமனுக்கு வேலை சரக்குப் பெட்டி யார்டில். வீடு அளவு இருக்கும் இரும்புப் பெட்டியைக் கழுத்தை நீட்டித் தூக்கி, இன்னொரு பெட்டியின் தலையில் பூ மாதிரி வைக்கிற ரீச் ஸ்டாக்கர் வண்டியை ஓட்டுகிறவன். அந்த வண்டியின் உயரத்திலிருந்து பார்த்தால் கடல் தெரியும். மேஸ்திரி தெரிய மாட்டார். இரண்டும் அவனுக்குப் பிடிக்கும். நெஞ்சில் ஏதாவது இருக்கிறது என்று ஒரு வார்த்தை வெளியே போனால் வண்டியிலிருந்து இறக்கி கேட்டில் உட்கார வைத்துவிடுவார்கள் என்பதுதான் அவன் பயம். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் தத்துவம்.

"பெட்டிய தொறக்கறது நம்ம வேலை இல்ல. மேல இன்னா எழுதிகீதுன்னு பாப்போம், தூக்குவோம், வெப்போம். உள்ள தங்கம் இருந்தா இன்னா, தவிடு இருந்தா இன்னா. எத்தினி பெட்டி தூக்கிகீறேன், ஒண்ணோட சீலைத் தொட்டதில்ல. என் நெஞ்சும் சீல் வெச்ச பெட்டிடி. கம்னு கெட."

செங்கொடி கம்மென்று கிடக்கிற ரகம் இல்லை. ஆனால் அன்றைக்கு, "சரிங்க," என்றாள்.

பரசுராமனுக்குத் திக்கென்றது. ராயபுரம் கான்வென்டில் படித்தவள் செங்கொடி. வீட்டில் 'யோவ்' என்றால் பாசம். 'இந்தா' என்றால் கோபம். 'சரிங்க' என்பது கான்வென்டிலிருந்து கிளம்பி வருகிற ஒரு வார்த்தை. அது வந்தால் பின்னாலேயே ஏதோ வரும்.

வந்தது மகளின் வீட்டுப்பாடம்.

யசோதரா ஏழாவது படிக்கிறாள். "கதை எழுதணும் நைனா. கம்ப்யூட்டர் மிஸ் சொல்லிக்கீறாங்க. ஆனா படிக்கறவங்கதான் கதைய ஓட்டணும்."

"அப்ப எழுதறவங்க இன்னா பண்ணுவாங்க?"

"வழி போட்டுத் தருவாங்க."

இணையத்தில் பிள்ளைகளுக்கென்றே ஒரு தளம் இருக்கிறது. அதில் கதையை ஒரே நூலாக இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. ஒரு பக்கம் படித்து முடித்தால் கீழே இரண்டு பட்டன். புலி வருகிறது, ஓடுவதா, மரம் ஏறுவதா? ஓடு என்று அழுத்தினால் ஒரு பக்கம் திறக்கும், ஏறு என்று அழுத்தினால் வேறு பக்கம். எழுதுகிறவர்களுக்கு மட்டும் கதையின் வயிறு தெரியும். ஒவ்வொரு பக்கமும் ஒரு சின்னப் பெட்டி. பெட்டியின் தலையில் ஒரு பெயர். பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி. அம்பின் முனையைப் பிடித்து இழுத்து வேறு பெட்டியில் விட்டால் கதை அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

பள்ளிக்கூடத்து லிங்க் பரசுராமனின் போனுக்குத்தான் வரும். மகள் திறந்து காட்டியதும் அசந்துபோனான்.

"ஏ, இது நம்ம யார்டு பிளான்டா கண்ணு. இந்தப் பெட்டிய இங்க வெச்சு, அத்த அங்க தள்ளி... ஸோக்கா கீதே."

பிறகு கதையைப் படித்தான். சோக்கு போய்விட்டது.

கதாநாயகன் ஒரு ரீச் ஸ்டாக்கர் வண்டி. பெயர் லொக்கு. யசோதரா படமும் வரைந்திருந்தாள். வண்டிக்கு மீசை இருந்தது. மீசையின் இடது ஓரத்தில் பரசுராமனுக்கு இருப்பது போலவே நரை இருந்தது. யார்டிலேயே பலசாலியான லொக்கு ஒரு நாள் லொக்கு லொக்கென்று இரும ஆரம்பிக்கிறது. மறைக்கிறதா, சொல்கிறதா? மறைத்தால் எஞ்சின் புகை கக்குகிறது. சொன்னால் தோழர்கள் கூட வருகிறார்கள். எண்ணெய் குடித்தால் வாந்தி. எந்தப் பட்டனை அழுத்தி எப்படிச் சுற்றினாலும் கடைசியில் போய் நிற்கிற பெட்டியின் பெயர் 'பட்டறை'. அங்கே மெக்கானிக் அக்கா லொக்குவின் நெஞ்சைப் படம் எடுத்து, அடைப்பை நீக்கி, பெயின்ட் அடித்து அனுப்புகிறார். ஓரத்தில் 'ஷெட்டு' என்று ஒரு பெட்டி அநாதையாகக் கிடந்தது. லொக்கு ஷெட்டிலேயே தூங்கிவிட்டது, முற்றும் என்று ஒரு வரி. அதற்கு ஓர் அம்புகூடப் போகவில்லை.

"இதுக்கு ஏன் யாரும் வரல?"

"அம்மா வேணாம்ன்னாங்க."

பரசுராமன் சமையலறைப் பக்கம் திரும்பினான். "இந்தா. கொழந்தை கதைல கூட என்னைய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறியா?"

"வண்டிய பத்தி எழுதிகீது. உனுக்கு ஏன் பொங்குது?"

"மீசை யார்து?"

"வண்டியோடது." செங்கொடி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். சட்னிக்குப் புளி வாங்க வந்திருந்த அடைக்கலமேரியும் கூட வந்தார். "சண்டை வாணாம். ஞாயித்துக்கெழமை வூட்ல எல்லாரும் குந்தி இந்தக் கதைய படிக்கணும்ன்னு மிஸ் சொல்லிக்கீறாங்க. பட்டன மேரியக்கா அமுக்கட்டும். அவங்களுக்கு நீயும் ஒண்ணுதான், நானும் ஒண்ணுதான். கதை எப்டி முடியுதோ அப்டி நீ நடக்கணும். ஒத்துக்கிறியா?"

பரசுராமனின் மண்டைக்குள் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆனது. லிங்க் யார் போனில் இருக்கிறது? அம்பை இழுத்துவிட எவ்வளவு நேரம் ஆகும்?

"பட்டறைன்னு முடிஞ்சா எக்ஸ்ரே. ஷெட்டுன்னு முடிஞ்சா நீ அப்பால வாய தொறக்கக்கூடாது."

"தொறக்கமாட்டேன். நீ பேச்சு மாறமாட்டியே?"

"மேரியக்கா சாட்சி. யசோ தலைல அடிச்சு சத்தியம்."

"பிள்ளை தலைல அடிக்காதப்பா, தொண்டை கட்டின கோழி மாதிரி முழிச்சிகினு நிக்குது," என்றார் மேரி.

"சரிங்க," என்றாள் செங்கொடி.

இரண்டாவது 'சரிங்க'. பரசுராமன் கவனித்திருக்க வேண்டும். அவன் அம்பு நினைப்பில் இருந்தான்.

மறுநாள் யார்டில் சாப்பாட்டு நேரம். தோஸ்து சுஃபியான் டப்பாவைத் திறப்பதற்குள் பரசுராமன் போனைத் திறந்தான். பட்டறைக்குப் போகிற அம்புகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து ஷெட்டின் வாசலில் விட்டான். புகை கக்கிய லொக்கு, ஷெட்டு. எண்ணெய் குடித்த லொக்கு, ஷெட்டு. தோழர்களோடு வந்த லொக்கு, தோழர்களோடு ஷெட்டு. இப்போது பட்டறைதான் அநாதை. வேர்த்த முகத்தைத் துடைத்துக்கொண்டு சுஃபியானிடம் காட்டினான்.

"பாரு. எவன் எங்க அமுக்குனாலும் ஷெட்டுதான்."

சுஃபியான் மென்றுகொண்டே பார்த்தான். "அந்தப் பெட்டி உள்ள இன்னா கீது மாமு?"

"ஷெட்டு."

"அது மேல எழுதிகீறது. உள்ள?"

"மேல எழுதிகீறதுதான் உள்ள. உனுக்கு புதுசா சொல்லணுமா? பெட்டிய தொறக்கறது நம்ம..."

"நம்ம வேலை இல்ல. தெரியும் மாமு. சோத்தத் துன்னு."

சோறு இறங்கவில்லை. இருமல் வந்தது. யார்டில் ஆரனுக்குக் காத்திருக்க வேண்டியதில்லையென்பதால் இரும்பு தட்டுகிற சத்தத்தில் தாராளமாக இருமினான். இருமி முடித்ததும் நெஞ்சுக்குள் யாரோ ஆணியால் கீறின மாதிரி இருந்தது. அதைப் பற்றி யோசிக்காமல் இருப்பதற்காக மறுபடியும் அம்புகளைப் பார்த்தான்.

அதிலிருந்து அவனுக்கு நிலை கொள்ளவில்லை. வண்டியில் ஏறினால் போன். இறங்கினால் போன். வீட்டில் குளியலறைக்குள் போன். யசோதரா 'நைனா, கதைல ஒரு வேலை கீது, குடேன்' என்று கேட்டாள். கொடுக்காவிட்டால் சந்தேகம் வருமே என்று கொடுத்துவிட்டு, அவள் தட்டி முடிக்கும்வரை வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தான். திரும்பி வாங்கியதும் குளியலறைக்கு ஓடி அம்புகளை எண்ணிப் பார்த்தான். எல்லாம் வைத்த இடத்திலேயே ஷெட்டைக் குறி பார்த்துக்கொண்டு நின்றன. பிள்ளை கவனிக்கவே இல்லை. அவனுக்குப் பெருமூச்சு வந்தது. பெருமூச்சோடு இருமலும் வந்தது. குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் இருமினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அடைக்கலமேரி பூசை முடித்து, கோயிலுக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். யசோதரா போனை அவர் கையில் கொடுத்தாள். செங்கொடி தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்தாள். இவ்வளவு அமைதியாகப் பூண்டு உரிக்கிறவளைப் பரசுராமன் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவன் உட்காரவில்லை. நின்றான். நடந்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்தான், விட்டான்.

"குந்தேன்பா. பிரசவ வார்டு வாசல்ல நிக்கற மாதிரி நிக்கிற," என்றார் மேரி. "படி யசோ. லொக்கு இருமுது. சொல்லட்டுமா, மறைக்கட்டுமா? சொல்லித் தொலைக்கட்டும் பாவம்." அழுத்தினார்.

தோழர்கள் வந்தார்கள். ஒரு தோழன் எண்ணெய் குடிக்கச் சொன்னான்.

"அதெல்லாம் வாணாம். எங்க வூட்டுக்காரர் இப்டித்தான், எவன் இன்னா குடுத்தாலும் குடிப்பாரு." மேரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தேடினார். "தோ கீது. பட்டறைக்குப் போ." அழுத்தினார். "இன்னாடி இது. பட்டறைன்னு அமுக்குனா ஷெட்டுன்னு வருது?"

யசோதரா அம்மாவைப் பார்த்தாள். அம்மா பூண்டைப் பார்த்தாள்.

"ரோட்டுல டைவர்சன் போட்டிருப்பான்," என்றான் பரசுராமன். "கதைன்னா அப்டித்தான்க்கா. நாம ஒண்ணு நெனப்போம். ஷெட்டு வந்துச்சுல்ல? முடிஞ்சுது. செங்கொடி, கேட்டியா? ஷெட்டு. இனி வாய தொறக்கக்கூடாது."

செங்கொடி வாயைத் திறக்கவில்லை. மகளைப் பார்த்து, படி என்று கையால் காட்டினாள்.

"இன்னும் இன்னா படிக்கறது? தூங்கிடுச்சு, முற்றும்."

"இல்ல நைனா, கொஞ்சம் கீது," என்று யசோதரா படித்தாள். "லொக்கு ஷெட்டிலேயே இருந்தது. நான் எங்கேயும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டது."

"அப்டி சொல்லு."

"எல்லோரும் கூப்பிட்டார்கள். லொக்கு அசையவில்லை. ஆகவே பட்டறையே நாலு சக்கரம் மாட்டிக்கொண்டு ஷெட்டு வாசலுக்கு வந்தது."

பரசுராமன் ஜன்னல் கம்பியை விட்டான்.

"லொக்கு அடம் பிடிக்கிற வண்டிதான். ஆனால் பேச்சு மாறுகிற வண்டி இல்லை. கதை எப்படி முடிகிறதோ அப்படி நடப்பேன் என்று மேரி அத்தை முன்னால் சத்தியம் செய்திருந்தது. அதனால் கீழே இறங்கிப் போய் நெஞ்சைக் காட்டியது. முற்றும்."

கீழே ஒரு வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து மைக். 'பெரியோர்களே, தாய்மார்களே, இலவச நெஞ்சு எக்ஸ்ரே முகாம், உங்கள் பிளாக் வாசலுக்கே வந்துள்ளது.'

பரசுராமன் எட்டிப் பார்த்தான். வெள்ளை நிறத்தில் பஸ் மாதிரி ஒன்று. நாலு சக்கரம் இல்லை, ஆறு. அதைச் சொல்லி வாதாடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தான்.

"ஏய். இது யார் எழுதுனது?"

செங்கொடி தன் வாயைக் காட்டி, கையை விரித்தாள்.

"வாய தொறக்கக்கூடாதுன்னு நீதானேப்பா சொன்ன," என்றார் மேரி.

"தொறடி."

"நான் சொன்னேன், யசோ தட்டுனா. இந்த ஞாயித்துக்கெழமை காலைல வண்டி இங்க வரும்ன்னு கடைக்கு வந்த நர்ஸம்மா மின்னாடியே சொல்லிட்டாங்க. நீ அம்புல கை வெப்பேன்னு தெரியும். பெட்டிய தொறக்கமாட்டேன்னும் தெரியும். உன் தத்துவத்த கேட்டுத்தானே குடும்பம் நடத்திகினு கீறேன்."

"அம்ப நான் தொடாம வுட்டிருந்தா?"

"பட்டறைல முடிஞ்சிருக்கும். கீழதான் நிக்குது, அங்க இறங்கியிருப்பே."

பரசுராமன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். "சீல் வெச்ச பெட்டிய தொறக்க உடமாட்டேன்டி."

"யாரு தொறக்கறாங்க? துறைமுகத்துக்குள்ள லாரிய ஸ்கேன் பண்றாங்களே, சீல உடைக்கறாங்களா? பெட்டி அப்டியே உள்ள போவுது, அப்டியே வெளிய வருது. நீயும் அப்டி போய்ட்டு வா."

அந்த ஸ்கேனரைப் பற்றி வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னதே அவன்தான்.

"என்னிய கேட்டுல குந்த வெச்சுட்டா?" என்றான். குரல் சின்னதாக வந்தது. யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டோம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

செங்கொடி பூண்டுத் தட்டைக் கீழே வைத்தாள். "குந்து. கேட்டுல குந்தி மூச்சு வுடு. நீ இருமுனா கூட எனக்கு பயம் இல்லய்யா. இருமாம மூச்சப் புடிச்சுகினு கெடக்கிறே பாரு, அந்த நேரம்தான் எனக்கு உசுரு போவுது. வுடுவானா, வுடமாட்டானான்னு நானும் மூச்சப் புடிச்சுகினு கெடக்கறேன். எவ்ளோ நாளைக்குப் புடிக்கறது?"

மேரி மூக்கை உறிஞ்சினார். குழம்பு அடி பிடிக்கிற வாசனை வந்தது. பரசுராமன் சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். பின்னாலேயே பெண்டாட்டி, மகள், பட்டுப்புடவையோடு சாட்சி.

வண்டிக்குள் ஏறினான். நெஞ்சைப் பலகையில் வைக்கச் சொன்னார்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். அதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. விடலாம் என்று நர்ஸம்மா சொன்ன பிறகும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நல்ல மனுசன். எல்லாரும் இப்டி பிடிச்சா படம் ஆடவே ஆடாது," என்றார் நர்ஸம்மா. "ரொம்ப நாள் இருமல்ன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. தூசியா இருந்தாலும் இருக்கும், பயப்படாதீங்க. எதுக்கும் சளியும் பாத்துடுவோம்." ஒரு சின்ன டப்பாவைக் கையில் கொடுத்தார். "அந்த ஓரமா போய், ஆழமா இருமி, இதுல துப்பிக் குடுங்க."

பரசுராமன் ஓரமாகப் போனான். இருமிப் பார்த்தான். வரவில்லை. தொண்டையைக் கனைத்தான். குனிந்தான், நிமிர்ந்தான், நெஞ்சைத் தட்டினான். வரவில்லை. வரிசையில் நின்ற பிளாக்கு மொத்தமும் வேடிக்கை பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் ரோட்டில் ஒரு லாரி இல்லை. அவன் முகத்தில் முதல் முறையாக ஒரு நம்பிக்கை வந்தது.

"இருமல் இல்ல நர்ஸம்மா. பூடுச்சு போல," என்று டப்பாவை நீட்டினான்.

செங்கொடி அவனைப் பார்க்கவே இல்லை. நேராக வண்டியின் முன்பக்கம் போனாள்.

"டிரைவரண்ணா, ஒரே ஒரு ஆரன் அடிங்க. அவருக்கு ஆரன் இல்லாம வராது."

டிரைவர் அடித்தார். நர்ஸம்மா டப்பாவை வாங்கி மூடி போட்டார்.